மூணு சென்டிமீட்டர்

இப்படி ஒக்காருங்க. சக்கரத்தை நான் மடியில வச்சுக்கிடுதேன், ஒங்களுக்கு இடைஞ்சல் இருக்காது. போர்வையில சுத்தித்தான் வச்சிருக்கு, சேலையில ஒண்ணும் ஒட்டாது. நீங்க போன்ல பேசினதைக் கேட்டுட்டுத்தான் கையைக் காட்டினேன். கோவில்பட்டிப் பக்கமா? நான் நாகர்கோவில். லீலாபாய். நீங்க எனக்கு மூத்தவியளா இளையவியளான்னு தெரியல, அக்கான்னே கூப்பிடுதேன்.

தண்டவாளத்துல வேலைன்னு ரயிலை நிறுத்திட்டு இந்த பஸ்ஸை விட்டிருக்கான். ஜீலாங் ஊருக்குப் போக இவன் ரெண்டு மணி நேரம் ஆக்குவான். ஆகட்டும், எனக்கு அவசரமில்ல. சீக்கிரம் போய்ச் சேந்தா அதுவும் ஒரு கஷ்டம்தான்.

என்ன, இதா? சைக்கிள் சக்கரம். எனக்க பொண்ணுக்குக் கொண்டு போறேன். ஒரு மாசமா அவ எங்கிட்ட பேசல. இதைக் கொண்டு நீட்டினா வாங்குவாளா, வாசல்லயே நிக்க வச்சுருவாளான்னு தெரியல. கொஞ்சம் இருங்க, காத்து இருக்கான்னு அமுக்கிப் பாத்துக்கிடுதேன். இருக்கு. காலையில வீட்டுல அடிச்ச காத்து. அவ வீடு போய்ச் சேருற வரைக்கும் நின்னா போதும்.

பெனிட்டான்னு பேரு. ஆஸ்திரேலியாவுக்காக சைக்கிள் ஓட்டினவ. கேள்விப்பட்டிருக்க மாட்டிய. யாரும் கேள்விப்பட்டதில்ல. கிரிக்கெட்டுன்னா மட்டையைத் தொட்டவனையெல்லாம் நம்ம ஆளுகளுக்குத் தெரியும். எங்க சர்ச்சுல இன்னைக்கும் 'ஒங்க மக இன்னும் சைக்கிள்லதான் போறாளா, கார் வாங்கலியா'ன்னு கேக்குதாங்க. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப்போச்சு. இப்பல்லாம் 'ஆமா, சைக்கிள்தான்'னு சொல்லிட்டு நடந்துருவேன்.

அவ அப்பா செத்துப்போனப்ப அவளுக்கு எட்டு வயசு. நான் ஆஸ்பத்திரியில நர்ஸு. இங்க வந்து இருபத்தாறு வருசம் நர்ஸு, போன வருசம்தான் ரிட்டையர் ஆனேன். ஒரு ஊசி, ஒரு மாத்திரை தப்பாக் குடுத்ததில்ல, கேட்டியளா. எங்க வார்டுல ஒரு சட்டம் உண்டு. கடுத்த மருந்துன்னா ஒருத்தி எடுப்பா, இன்னொருத்தி வந்து பாப்பா, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். இடையில பாட்டிலை மாத்தினா மறுபடியும் முதல்ல இருந்து பாக்கணும். நான் யாரையும் விட்டதில்ல. டாக்டரே அவசரப்பட்டாலும் 'ரெண்டாவது ஆளு வரட்டும்'பேன். 'லீலாபாய் சிஸ்டர் வந்துட்டா'ன்னு சின்னப் பிள்ளைக முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

சைக்கிளுக்கு வாரேன். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி அவ பிள்ளையோட இவளையும் கூட்டிட்டுப் போனா, அப்படித் தொடங்கினதுதான். வட்டமா சிமெண்டுல ஒரு தடம் போட்டிருப்பான். ரெண்டு வளைவுலயும் சுவர் மாதிரி சாஞ்சு எழும்பி நிக்கும். அந்த சைக்கிளுக்கு பிரேக்கு கிடையாது. காலை நிறுத்தவும் முடியாது, சக்கரம் சுத்துற வரைக்கும் கால் சுத்தணும். முதல் நாள் நான் வேலிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேதான் பாத்தேன். அவ எறங்கி வந்து 'அம்மா, நாளைக்கும் வரலாமா'ன்னு கேட்டா. அப்பா போனதுக்கப்புறம் அவ வாயைத் திறந்து ஒண்ணு கேட்டது அதுதான். சரின்னுட்டேன்.

அதுக்கப்புறம் எனக்க வாழ்க்கையே அந்த வட்டத்துலதான் போச்சு. டூட்டி முடிஞ்சா அங்க, லீவுன்னா அங்க. கோச்சுக்கும் மெக்கானிக்குக்கும் குடுக்க நமக்கு எங்க போக? நானே படிச்சேன். அந்த டயரு சும்மா மாட்டுற டயரில்ல, ரிம்முல பசை போட்டு ஒட்டணும். ஒரு பூச்சு, காயணும். ரெண்டாவது பூச்சு, காயணும். அடுப்படி மேடையில வச்சு ஒட்டுவேன். மீன்குழம்பு வச்சாக்கூட வீட்டுல பசை நாத்தம்தான் தூக்கும். ஆனா நான் ஒட்டின டயரு ஒண்ணுகூட கழண்டதில்ல. இதுவும் நான் ஒட்டினதுதான். பதினேழு வருசம் ஆச்சு, பாருங்க, இழுத்துப் பாருங்க. வருதா? வராது.

இப்ப அந்த அநியாயத்தைக் கேளுங்க.

சின்னப் பிள்ளைக பெரிய கியர் போட்டு மிதிச்சா முட்டி கெட்டுப்போகும்னு இங்க ஒரு சட்டம். பெடலை ஒரு சுத்து சுத்தினா சைக்கிள் இத்தனை மீட்டருக்கு மேல போகக்கூடாது. பெனிட்டா வயசுக்கு அப்ப ஆறரை மீட்டர். தரையில ரெண்டு கோடு போட்டிருப்பாங்க. சைக்கிளை ஒரு கோட்டுல நிறுத்தி, பெடல் ஒரு முழுச் சுத்து வார வரைக்கும் பின்னால உருட்டுவாங்க. சக்கரம் அடுத்த கோட்டைத் தாண்டினா போச்சு. ஓட்டத்துக்கு முன்னால ஒரு தடவை உருட்டிப் பாப்பாங்க. ஜெயிச்சவங்களுக்கு மறுபடி ஒரு தடவை. எல்லாரும் ஆறரையை ஒட்டித்தான் செயின் மாட்டுத பல்லை வச்சிருப்பாங்க, ஒரு இஞ்சை விட்டுக் குடுக்க யாருக்கு மனசு வரும்? முன்னால அம்பது பல்லு, பின்னால பதினாறு. எனக்கு இன்னும் மனப்பாடம்.

அவளுக்குப் பதினாறு வயசு. மாநிலப் போட்டி. அதுல ஜெயிச்சா நேரா மாநில டீமுக்கு எடுப்பாங்க, சோறு, சைக்கிள், கோச்சு எல்லாம் அவங்களே பாத்துக்கிடுவாங்க. காலையில உருட்டிப் பாத்தாங்க, சரியா இருந்துச்சு. மத்தியானம் நான் டயரைத் துடைக்கும்போது பாக்குதேன், பின்டயருல ஒரு வெட்டு, கண்ணாடிச் சில்லு. அதோட ஓட்டினா வெடிக்கும். நான் வேற சக்கரம் ஒட்டிக் கொண்டு வந்திருந்தேன்லா, இந்தா இதுதான், புது டயரு, கொஞ்சம் தடிச்சது, 'இது நல்லா ஒழைக்கும்'னு கடைக்காரன் குடுத்தது. பழசைக் கழத்திட்டு இதை மாட்டினேன். ஆமா, நான்தான் மாட்டினேன். பின்ன யாரு மாட்டுவா? அவ கூடாரத்துக்குள்ள மூஞ்சியில ஈரத்துண்டைப் போட்டுப் படுத்திருந்தா. துண்டுக்குள்ள இருந்தே 'அம்மா, மறுபடி கொண்டு உருட்டிக் காட்டணுமா'ன்னு கேட்டா. 'பல்லு மாறலல்லா? பேசாம படு மக்ளே'ன்னேன்.

பல்லை நான் தொடவே இல்ல அக்கா. இதுலயும் பதினாறு, அதுலயும் பதினாறு. கியருன்னா பல்லுதான? இதைத்தான் நான் பதினேழு வருசமாச் சொல்லுதேன்.

ஜெயிச்சுட்டா. கடைசிச் சுத்துல மேல ஏறி, ரெண்டு பேரைத் தாண்டி எறங்கினா. கோட்டைத் தாண்டினதும் கையைத் தூக்கினா. அவ கையைத் தூக்கினது அன்னைக்கு ஒருநாள்தான், அதனாலதான் சொல்லுதேன். நான் கத்தின கத்துல தொண்டை கட்டிப்போச்சு.

அப்புறம் உருட்டினாங்க. டகெட்னு ஒரு வயசான மனுசன், வெள்ளைத் தொப்பி, முட்டி வலி உள்ள ஆளு. முட்டியைப் பிடிச்சுக்கிட்டே குனிஞ்சாரு. ஒரு தடவை உருட்டினாரு. தொப்பியைக் கழத்தி வச்சுட்டு மறுபடி உருட்டினாரு. மூணாவது தடவையும் உருட்டிட்டு, டேப்பைப் பிடிச்சு, 'மூணு சென்டிமீட்டர் கூட'ன்னாரு. ரெண்டு விரல் அகலம். அந்த ரெண்டு விரல்ல எனக்க பிள்ளைக்க மெடல் போச்சு, டீம் போச்சு.

'காலையில சரியா இருந்துச்சே, சக்கரத்தை யாரு மாத்தினது'ன்னு கேட்டாரு. அங்க உள்ள வழக்கம் என்னன்னா, கூட வந்தவங்க மாத்தியிருந்தா அவங்க ஒரு வருசம் தடத்துக்குள்ள காலை வைக்கக்கூடாது. ஓட்டுத பிள்ளையே மாத்தியிருந்தா அந்த ஓட்டம் மட்டும்தான் போகும். அவரு எனக்க மூஞ்சியத்தான் பாத்தாரு. பெனிட்டா ஹெல்மெட்டைக்கூடக் கழத்தல. 'நான்தான் மாத்தினேன்'னு சொல்லிட்டா.

எனக்கு வாய் வரல. இங்கிலீஷ் அப்ப சட்டுன்னு வராதுல்லா. ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட சண்டை போடுவேன், அது வேற, அங்க பழக்கம். இங்க அத்தனை பேரு சுத்தி நிக்காங்க. அதுவுமில்லாம அவ சொல்லிட்டால்லா. சொன்னதுக்கப்புறம் நான் போய் 'இல்ல, நான்தான்'னா பிள்ளை பொய் சொன்ன மாதிரி ஆகும். கார்ல வரும்போது அவ அழல. 'அம்மா, பசிக்குது'ன்னா. புளிச்சாதம் இருந்துச்சு, டப்பாவோட தின்னா.

நான் விடல. சங்கத்துக்கு நாலு கடுதாசி எழுதினேன். வெயில்ல டேப்பு நீண்டிருக்கும்னு எழுதினேன். தரை சரிவுன்னு எழுதினேன். 'எனக்க மகள் அறியாப் பிள்ளை, விவரம் தெரியாம சக்கரத்தை மாத்திட்டா, மன்னிக்கணும்'னும் எழுதினேன். அவ சொன்னதுக்கு மாறா எழுத முடியாதுல்லா? கடுதாசியைத் தபால்ல போடுததுக்கு முன்னால அவகிட்ட குடுத்து, இங்கிலீஷைத் திருத்தச் சொன்னேன். ரெண்டு எழுத்துப் பிழையைத் திருத்திக் குடுத்தா. ஊருக்குப் போன் பண்ணினாலும் சரி, சர்ச்சுல கேட்டாலும் சரி, 'பிள்ளை தெரியாம மாத்திட்டா, அந்த ஆளு இரக்கமில்லாம எடுத்துட்டான்'னுதான் சொல்லி வந்தேன்.

காத்து... இருக்கு. கொஞ்சம் தளந்த மாதிரி இருக்கு, ஆனா இருக்கு.

இல்ல அக்கா, அதோட அவ விடல. ரெண்டு வருசம் கழிச்சு டீமுக்கு வந்துட்டா. ஆனா எதுல? நாலு பேரு சேந்து ஓட்டுததுல. நாலு பேரு ஒருத்தி பின்னால ஒருத்தியாப் போவாங்க. மூணாவது ஆளுக்க சக்கரம் கோட்டைத் தொடுத நேரம்தான் கணக்கு. நாலாவது ஆளு தன் பலத்தையெல்லாம் முன்னால நின்னு காத்தை முறிச்சுக் குடுத்துட்டு, பாதியில விலகிரலாம். எனக்க பொண்ணு அந்த நாலாவது. உலகப் போட்டியில மெடல் வாங்கினாங்க, இவ கழுத்துலயும் போட்டாங்க. ஆனா கோட்டைத் தாண்டுத போட்டோவுல மூணு பேருதான் இருக்கா. நான் அதை மாட்டவே இல்ல.

அப்புறம் ரோட்டு சைக்கிளுக்குப் போனா. பெல்ஜியத்துல ஏழு வருசம். ஒரு கறிக்கடை மாடியில ரூம். அங்க அவளுக்கு என்ன வேலை தெரியுமா? தண்ணி சுமக்குத வேலை. பின்னால வார கார்ல இருந்து எட்டு பாட்டிலை வாங்கி சட்டைக்குள்ள திணிச்சுக்கிட்டு, முன்னால போறவளுகளுக்குக் கொண்டு குடுக்கணும். டீம்ல ஒருத்தியை ஜெயிக்க வைக்கணும்னு முதல்லயே முடிவு பண்ணிருவான், மத்தவளுக எல்லாம் அவளுக்காக ஒழைக்கணும். ஒருநாள் டிவியில பாக்குதேன், மழை. அந்த ஜெயிக்க வேண்டியவளுக்க சக்கரம் பஞ்சர். எனக்க பொண்ணு எறங்கி, தன் சக்கரத்தைக் கழத்தி அவளுக்கு மாட்டித் தள்ளி விட்டுட்டு, ஒத்தைச் சக்கர சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டோரமா நிக்கா. கார் வந்து வேற சக்கரம் குடுக்குத வரைக்கும் நின்னா. அந்த டிவிக்காரன் அவ பேரைக்கூடச் சொல்லல. நான் போன்ல கத்தினேன். 'ஒருத்திக்காக நீ ஏன் மக்ளே நஷ்டப்படணும், இதையெல்லாம் யாருகிட்ட படிச்சே'ன்னு கேட்டேன். அவ 'சாப்பிட்டியாம்மா'ன்னா.

தோள்பட்டை எலும்பு ரெண்டு தடவை, இடுப்பு ஒரு தடவை. முப்பத்தொண்ணு வயசுல போதும்னு வந்துட்டா. இப்ப ஜீலாங்ல பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சர். அதோட இருந்திருக்கலாம். சனி ஞாயிறு என்ன பண்ணுதா தெரியுமா? வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, சின்னப் பிள்ளைகளுக்க சைக்கிளை உருட்டிப் பாக்குதா. ஆமா அக்கா. அந்த டகெட் பாத்த அதே வேலை. அவருதான் இவளுக்குச் சொல்லிக் குடுத்ததாம். கேட்டதும் எனக்கு ரத்தம் கொதிச்சுது. எவன் ஒன்னைக் கெடுத்தானோ அவன்கூடயே போய் நிக்கியேன்னு சண்டை போட்டேன். 'அவரு ஒண்ணும் கெடுக்கலம்மா'ன்னா, அவ்வளவுதான்.

போன மாசம் கூட்டிட்டுப் போனா. ஏதோ ஒரு சின்ன ஊரு, பிள்ளைகளுக்க போட்டி. நான் பிளாஸ்க்கோட பெஞ்சுல ஒக்காந்திருக்கேன், அவ எனக்கு முன்னாலதான் உருட்டிக்கிட்டு இருக்கா. ஒரு பொம்பளப் பிள்ளை, பன்னெண்டு பதிமூணு வயசு, சிவப்பு சைக்கிள். ரெண்டாவதா வந்த பிள்ளை. உருட்டினதும் சக்கரம் கோட்டைத் தாண்டிட்டுது. பின்னால அவ அப்பன், பெரிய ஆளு, மூஞ்சி சிவந்து நிக்கான். சக்கரத்தை யாரு மாத்தினதுன்னு பெனிட்டா கேட்டா. அந்தப் பிள்ளை அப்பனை ஒரு பார்வை பாத்துட்டு, 'நான்தான்'னுது.

பெனிட்டா அப்படியே தரையில முட்டி போட்டு ஒக்காந்துட்டா. இங்கிலீஷ்லதான் சொன்னா, ஆனா நான் ஒரு எழுத்து விடாமக் கேட்டேன்.

"அப்படிச் சொல்லாதம்மா. ஒன் வயசுல நானும் அப்படித்தான் சொன்னேன். எல்லாரும் நம்பிட்டாங்க. கடைசியில எங்க அம்மாவே நம்பிட்டாங்க."

நான் என்னத்த நம்பினேன்? எனக்கு ஒண்ணும் ஓடல. அந்த அப்பன்காரன் தலையைக் குனிஞ்சு, 'நான்தான் மாத்தினேன், அவ தொடல'ன்னான். அவ்வளவுதான். ஒரு நிமிசம்கூட ஆகல. அந்தப் பிள்ளை ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கிட்டு அழுதுது. மெடல் போனதுக்கு அழுதுதுன்னு நெனச்சேன்.

திரும்பி வரும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். வழக்கம்போலத் தொடங்கிட்டேன். அந்த டேப்பு, அந்த வெயிலு, அந்த ஆளு. பெட்ரோல் பங்குல காரை ஓரமா நிறுத்தினா. எஞ்சினை அணைச்சா. கோவமா இல்ல அக்கா, கோவமா இருந்தா நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அசந்துபோய்க் கேட்டா.

"அம்மா, அந்தச் சக்கரம் ஒங்கிட்டதான் இருக்கு. பதினேழு வருசத்துல நீ ஒருநாள்கூட அதை அளந்து பாக்கல இல்லியா?"

வீட்டுல எறக்கி விட்டா. அதுக்கப்புறம் போன் இல்ல. நான் அடிச்சா எடுக்கல.

முந்தாநாள் காலையில கராஜைத் திறந்து இதை எறக்கினேன். காத்தடிச்சேன். பக்கமெல்லாம் ரப்பர் வெடிச்சிருக்கு, ஆனாலும் கொஞ்ச நேரம் நின்னுது. சைக்கிள் அவ வீட்டுல தொங்குது, சக்கரம் மட்டும்தான எங்கிட்ட. பரவாயில்ல. காத்தடிக்குத வாயி தரையைத் தொடுத எடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டேன், ஒரு சுத்து உருட்டி மறுபடி கோடு போட்டேன், தையல் டேப்பால அளந்தேன். அம்பதால பெருக்கி, பதினாறால வகுத்தேன். டிரிப்ஸ் சொட்டுக் கணக்கை மனசுலயே போடுதவ நான், எனக்கு இது என்ன?

முதல் தடவை டேப்பு சரியில்லன்னு நெனச்சேன். ரெண்டாவது தடவை மரச்சட்டம் வச்சு அளந்தேன். மூணாவது தடவை டகெட் மாதிரி தரையில முட்டி போட்டு அளந்தேன். எனக்கும் இப்ப முட்டி வலி. ஆறரைக்கு இருக்க வேண்டிய சுத்தளவை விட இதுக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் கூடுதல். பெடல் ஒரு சுத்துக்குச் சக்கரம் மூணு சுத்து சுத்தும்லா, பல்லுக் கணக்குல அது மூணா வந்து நிக்குது. அந்த மனுசன் சொன்ன அதே மூணு.

பதினேழு வருசத்துல ரப்பர் ஊதியிருக்கலாம்லா அக்கா? ஊதாதா? எனக்கும் தெரியும், ரப்பர் சுருங்கத்தான் செய்யும்.

அதுதான் கொண்டு போறேன். வாயால எனக்கு வராது. அங்க போய் அவகிட்ட இதைக் குடுத்து, 'மாட்டி உருட்டிப் பாரு மக்ளே'ன்னு மட்டும் சொல்லுவேன். அவ உருட்டுவா. கோட்டைத் தாண்டும். நான் அளந்துட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும். அதுக்கு மேல பேச வேண்டாம்லா? காப்பி போடுவா, குடிச்சுட்டு வந்துருவேன். அதுக்குத்தான் காலையில எந்திரிச்சு இவ்வளவு காத்தடிச்சுக் கொண்டு வாரேன்.

வந்துட்டுதா ஜீலாங்? அந்தா, அந்தக் கம்பத்துக்கிட்ட கையைக் கட்டிக்கிட்டு நிக்குதால்லா, கட்டை முடி, அவதான். வாரேன்னு மெசேஜ் மட்டும் போட்டேன், பதிலே இல்ல. ஆனா வந்து நிக்குதா. எவ்வளவு நேரமா நிக்குதாளோ, பஸ்ஸு வேற லேட்டு. மெலிஞ்சுபோய் இருக்கா.

ஒரு நிமிசம். இது என்ன, விரல் உள்ள போகுது. காத்து முழுக்க எறங்கிட்டுதே. ஒங்ககிட்ட பேசிக்கிட்டே பாக்காம விட்டுட்டேன். இங்க பாருங்க, இந்த வெடிப்பு வழியாத்தான் போயிருக்கு. இனி அடிச்சாலும் நிக்காது.

இப்படியே கொண்டு போய்க் குடுத்தா அமுங்கித்தான் உருளும். ஆறரைக்குள்ள வந்துரும் அக்கா. கோட்டைத் தாண்டாது.

சரி. கொஞ்சம் இதைப் பிடிங்க, டிரைவரை ஒரு நிமிசம் நிக்கச் சொல்லுங்க. இல்ல, சக்கரம் அப்புறம் போதும். நான் முதல்ல எறங்கிப் போய் சொல்லிட்டு வந்து வாங்கிக்கிடுதேன்.